ஒரு மாடு, ஒரு குளவி, சில துரைமார்

சாமுவேல் பேக்கருக்குக் காய்ச்சல் வந்தது. மலையகச் சரித்திரத்தின் பெரிய காமெடி ஒன்று அங்கேதான் ஆரம்பம்.

ஆள் லேசுப்பட்டவர் அல்ல. 1821இல் லண்டனில் பிறந்த பணக்கார வீட்டுப் பிள்ளை. குடும்பத்துக்கு ஜமேக்காவிலும் மொரீஷியஸிலும் கரும்புத் தோட்டங்கள். பிள்ளைக்கோ யானை வேட்டைப் பைத்தியம். இலங்கைக்கு வந்ததே அதற்குத்தான். காடு காடாக யானையைத் தேடி அலைந்த மனிதரைக் கடைசியில் ஒரு கொசு தேடிப் பிடித்துவிட்டது.

குளிர் காற்றுப் பட்டால் சரியாகும் என்று நுவரெலியாவுக்கு அனுப்பிவைத்தார்கள். இரண்டு வாரத்தில் உடம்பு தேறிவிட்டது. நீங்களும் நானும் என்றால் கிரகரி வாவியோரம் ஒரு செல்ஃபி எடுத்துவிட்டு, வீட்டுக்கு ஒரு கட்டு லீக்ஸ் வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருப்போம். பேக்கர் மலையைச் சுற்றிப் பார்த்தார். இவ்வளவு நல்ல குளிர் சும்மா கிடக்கிறதே, இங்கே ஒரு குட்டி இங்கிலாந்தை இறக்கினால் என்ன என்று கேட்டுக்கொண்டார். காய்ச்சல் முழுசாக விடவில்லை என்பது என் சந்தேகம்.

ஏக்கர் ஒரு பவுண் வீதம் அரசாங்கத்திடம் நிலம் வாங்கினார். இன்றைய ஸ்டார்ட்அப் பாஷையில் சொன்னால் ஃபவுண்டர் ரெடி, ஃபண்டிங் ரெடி, டீம் மட்டும்தான் பாக்கி. பல துறை ஆட்களை ஒரே இடத்தில் கூட்டி உட்காரவைத்தால் யோசனையும் யோசனையும் உரசிப் பொறி பறக்கும் என்று இன்றைக்கு ஐந்து நட்சத்திர ஹோட்டலில் மைக் பிடித்துச் சொல்கிறார்களே, பேக்கர் அதை 1848இலேயே செய்து பார்த்துவிட்டார். பறந்தது பொறி அல்ல, குதிரைவண்டி. அதற்குக் கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் அழைப்புப் பட்டியல். பண்ணையை நடத்த ஃபௌலர் என்ற மேற்பார்வையாளர், மனைவி மகள் சகிதம். இரும்பு வேலைக்கு ஒரு கொல்லர். குதிரை பார்க்க ஹென்றி பெர்க்ஸ் என்றொருவர். கூடவே பேக்கரின் தம்பி ஜோன். அண்ணனும் தம்பியும் ஒரே பாதிரியாரின் இரண்டு பெண்களைக் கட்டியவர்கள். ஆகவே போர்ட் மீட்டிங்குக்குத் தனியாக நாள் குறிக்கத் தேவையே இருக்கவில்லை, சாப்பாட்டு மேசையே போதும்.

கால்நடைத் துறைக்கும் பிரதிநிதித்துவம் இருந்தது. நல்ல குலத்தில் பிறந்த டர்ஹம் பசு, கலப்பினக் காளை, செம்மறிக் கடாக்கள், பந்தயப் பரம்பரையில் வந்த ஒரு குதிரை, நரி வேட்டை நாய்க் கூட்டம், பிரான் என்று பெயர் வைத்த கிரேஹவுண்ட். இத்தனையும் 'ஏர்ல் ஆஃப் ஹார்ட்விக்' கப்பலில் ஏற்றி 1848 செப்டம்பரில் லண்டனை விட்டுப் புறப்படச் செய்தார். நோவாவுக்காவது வெள்ளம் என்று ஒரு காரணம் இருந்தது.

பட்டியலை நன்றாகப் பாருங்கள். இங்கிலாந்து நரி இல்லாத நாட்டு மலைக்கு அந்த நரியைப் பிடிக்க நாய் இருக்கிறது. நுவரெலியாவின் மண்ணும் மழையும் தெரிந்த ஒரே ஒரு ஆள் இல்லை. அந்த நரி இல்லாத இடத்தில் நரி வேட்டை நாய் மரையைத் துரத்தும் என்பதைப் பேக்கர் பின்னால் கண்டுபிடித்தார். அதுதான் அந்தக் கூட்டத்தில் ஒழுங்காக நடந்த ஒரே ஆராய்ச்சி.

கொழும்பிலிருந்து மலையேறும் படலம் தொடங்கியது. குதிரைவண்டி பெர்க்ஸின் பொறுப்பு. பெர்க்ஸோ போத்தலின் பொறுப்பு. மலைப் பாதையில் வண்டியும் குதிரைகளும் பள்ளத்தில் உருண்டன. எஜமானுக்கு உடனே பெர்க்ஸிடமிருந்து கடிதம் வந்தது. பள்ளம் அப்படியொன்றும் ஆழமில்லை, ஒரு எண்பது அடி இருக்கும் என்று அதில் தைரியம் சொல்லியிருந்தார். எண்பது அடியை இவ்வளவு தன்மையாக எடுத்துச் சொல்லத் தெரிந்தவருக்கு இந்தக் காலத்தில் மக்கள் தொடர்பு அதிகாரி வேலை நிச்சயம்.

சரி, யானை உதவும் என்று யானையை வரவழைத்தார்கள். பெர்க்ஸ் அதன் மேல் ஏறினார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் குதிரை. ஆகவே யானையையும் குதிரை மாதிரியே ஓட்டோ ஓட்டென்று ஓட்டினார். யானை களைத்து விழுந்து செத்தது. எத்தனையோ யானைகளைத் தேடித் தேடிச் சுட்ட பேக்கருக்கு, உயிரோடு வேண்டியிருந்த ஒரே யானையை அவருடைய சொந்த ஊழியர் துப்பாக்கியே இல்லாமல் முடித்துவைத்தார்.

டர்ஹம் பசு? அது நுவரெலியாவைப் பார்க்கவே இல்லை. ஏற்றத்தில் நடந்த களைப்பிலேயே வழியில் உயிரை விட்டது. மாநாட்டின் முக்கிய பேச்சாளர் விழா மண்டபத்துக்கு வந்துசேரும் முன்பே காலமான முதல் சந்தர்ப்பம் இதுவாகத்தான் இருக்கும்.

போய்ச் சேர்ந்தவர்கள் காட்டை வெட்டி உருளைக்கிழங்கு போட்டார்கள். புழு தின்றது. ஓட்ஸ் விதைத்தார்கள். மரையும் காட்டுப்பன்றியும் வந்து தின்றன. பார்த்தால் அவ்வளவு வளமாகத் தெரிந்த மண், எரு போடாவிட்டால் ஒன்றும் தராது என்பது பிறகுதான் புரிந்தது. பக்கத்துக் கிராமத்துச் சிங்களக் கமக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் வெற்றிலை போட்டு முடிகிற நேரத்தில் சொல்லியிருப்பார். ஆனால் அவர் கப்பலில் வந்தவர் இல்லையே.

பேக்கரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மனிதர் விட்டுவிட்டு ஓடவில்லை. எரு போடப் பழகினார், காய்கறி எடுத்தார், ஊரில் தேவாலயம் எழும்ப உதவினார், பியர் வடிக்கும் வேலையையும் ஆரம்பித்துவைத்தார் என்று பெயர் வாங்கினார். எல்லாவற்றையும்விட, தன் கோமாளித்தனம் அத்தனையையும் ஒளிக்காமல் தானே எழுதி 1855இல் புத்தகமாகப் போட்டார். அப்புறம் ஆப்பிரிக்காவுக்குப் போய் 1864இல் ஆல்பர்ட் ஏரியை அடைந்து, 'சர்' பட்டமும் வாங்கினார். இரண்டு குதிரையை மலைக்கு ஏற்ற முடியாதவர் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போய் மெடல் வாங்கினார் என்றால், நமக்கெல்லாம் இன்னும் நம்பிக்கை இருக்கிறது.

இது தனி ஒருவர் கூட்டிய கூட்டம். அடுத்தது கமிட்டி கூட்டிய கூட்டம். அதாவது இன்னும் மோசம்.

1854 பெப்ரவரியில் கோப்பித் தோட்டத் துரைமார் கண்டியில் கூடி 'இலங்கைத் தோட்டக்காரர் சங்கம்' ஆரம்பித்தார்கள். கோரிக்கைகள் மூன்று. ரோடு வேண்டும், ரயில் வேண்டும், ஆள் வேண்டும். ஒவ்வொரு கூட்டத்திலும் இதே மூன்றையும் ஒருவர் முன்மொழிய, அவரைப் போலவே தாடி வைத்த இன்னொருவர் வழிமொழிவார். எல்லோரும் கோப்பி போடுகிறவர்கள், எல்லோரும் கோப்பியைப் பற்றியே பேசுகிறவர்கள். வாட்ஸ்அப் இல்லாத காலத்து வாட்ஸ்அப் குரூப்.

1869இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு தூள் தென்பட்டது. விரலால் தொட்டால் மஞ்சள்பொடி மாதிரி ஒட்டிக்கொள்ளும். பேராதனைத் தாவரவியல் பூங்காவின் தலைவர் துவைட்ஸ் அதைப் பார்த்துவிட்டு, விஷயம் பெரிது என்று எச்சரித்தார். இலையை இங்கிலாந்துக்கு அனுப்பி, அது ஒரு புதுப் பூஞ்சை என்றும் தெரிந்துகொண்டார்கள். துரைமார் என்ன செய்தார்கள்? கோப்பி விலை ஏறிக்கொண்டிருந்தது. ஆகவே இன்னும் கொஞ்சம் காட்டை வெட்டி இன்னும் கொஞ்சம் கோப்பி போட்டார்கள். வீடு பற்றி எரியும்போது மாடி கட்டுவதற்கும் ஒரு தன்னம்பிக்கை வேண்டும்.

பதினொரு வருஷம் கழித்து, 1880இல், மார்ஷல் வார்டு என்ற இளம் விஞ்ஞானியை வரவழைத்தார்கள். 1854 மார்ச்சில் பிறந்தவர். அதாவது சங்கத்துக்கும் அவருக்கும் ஒரே வயசு, ஒரு மாதம் முன்பின். ஆனால் இருவரும் வளர்ந்த விதம் வேறு. அவர் கண்ணாடித் துண்டுகளைத் தோட்டத்தில் ஆங்காங்கே வைத்து, காற்றில் பறந்துவரும் பூஞ்சை வித்துக்களைப் பிடித்துக் காட்டினார். இலைமேல் விழுந்த வித்து முளைத்து உள்ளே நுழைவதை மைக்ரோஸ்கோப்பில் படிப்படியாகப் பின்தொடர்ந்தார். கடைசியில் அவர் சொன்னதன் சாரம் இதுதான்: மலை மலையாக இடைவெளியே இல்லாமல் ஒரே பயிரை நட்டுவைத்திருக்கிறீர்கள். பூஞ்சைக்கு இதைவிட நேரான ரோடு யார் போட்டுக் கொடுப்பார்கள்?

சங்கம் கால் நூற்றாண்டுக்கு மேலாகக் கேட்ட ரோடு கடைசியில் பூஞ்சைக்குத்தான் கிடைத்தது.

துரைமாருக்கு வார்டு மேல் கோபம். மருந்து சொல்லுவார் என்று பார்த்தால் வியாக்கியானம் சொல்கிறார்! இரண்டு வருஷத்தில் அவர் பெட்டியைக் கட்டினார். ரயில் வந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் புகை விட்டுக்கொண்டு ஏறி வந்தது. கோப்பி ஏற்றுவதற்காகத் தலைகீழாக நின்று கேட்ட ரயில். அது வந்துசேர்ந்தபோது ஏற்றுவதற்குக் கோப்பிதான் இல்லை.

வார்டு பேசியது செடியைப் பற்றி. ஆனால் அவர் அறிக்கையைத் தூக்கிச் சங்கத்துக் கூட்ட மண்டபத்தின் மேல் வைத்துப் பாருங்கள், கச்சிதமாகப் பொருந்தும். ஒரே ரகப் பயிரை நெருக்கி நட்டால் ஒரு நோய் போதும், மலை காலி. ஒரே ரக மனுஷரை நெருக்கி உட்காரவைத்தால் ஒரு முட்டாள்தனம் போதும், எல்லோரும் கை தூக்கி நிறைவேற்றிவிடுவார்கள்.

அப்படியானால் தேயிலை எந்த மாநாட்டில் பிறந்தது? எந்த மாநாட்டிலும் இல்லை. ஒரு வெராண்டாவில்.

அதற்கு முன்பே 1841இல் புசல்லாவையில் டி வோர்ம்ஸ் என்ற சகோதரர்கள் சீனத் தேயிலைச் செடி நட்டுப் பார்த்தார்கள். ரோத்சில்டு குடும்பத்துக்கு நெருங்கிய உறவு, தோட்டத்துக்கே ரோத்சில்டு என்று பெயர். தேயிலை செய்ய ஒரு சீனரையும் வரவழைத்தார்கள். தேயிலை வந்தது. கூடவே கணக்கும் வந்தது. உலகத்தையே வட்டிக்கு வாங்கக்கூடிய குடும்பம் ஒரு கோப்பை டீயின் விலையைப் பார்த்துப் பயந்து கையை உதறியது.

லூல்கந்துரத் தோட்டத்து ஜேம்ஸ் டெய்லரிடம் அந்த வசதியெல்லாம் கிடையாது. ஸ்கொட்லாந்துக் கிராமத்துப் பையன். வருஷம் நூறு பவுண் சம்பளத்துக்கு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு 1852இல், பதினேழு வயசுகூட நிறையாமல், மலையேறினார். பிறகு ஊர்ப்பக்கம் தலைவைத்துப் படுக்கவே இல்லை. வாழ்க்கையில் அவர் எடுத்த ஒரே விடுமுறை 1874இல். எங்கே போனார் தெரியுமா? டார்ஜிலிங். எதற்கு? தேயிலை பார்க்க.

இவர் வீட்டுப் பக்கத்தில் சில தேயிலைச் செடிகள் நின்றன. செடி இருக்கிறது, என்ன செய்வதென்று தெரியாது. அப்போது இந்தியாவில் கச்சார் பக்கத்துத் தேயிலைத் தோட்டக்காரர் நோபல் என்பவர் இந்த வழியாகப் போனார். சும்மா வழிப்போக்கர். டெய்லர் அவரைப் பிடித்துக்கொண்டார். எப்படிக் கிள்ளுவது, எப்படி வாட்டுவது, எப்படி உருட்டுவது என்று அங்கேயே செய்து காட்டச் சொன்னார். அழைப்பிதழ் இல்லை, கழுத்தில் தொங்கும் அட்டை இல்லை, நன்றியுரை இல்லை. ஒரு நாட்டின் எதிர்காலம் ஓசி டியூஷனில் முடிந்தது.

1867இல் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டார். ஃபெக்டரி? அவர் பங்களா வெராண்டாதான். மேசை போட்டு, வாட்டிய கொழுந்தைக் குவித்து, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கையால் தேய்த்துத் தேய்த்துச் சுருட்டினார்கள். பச்சைச் சாறு கையில் பிசுபிசுக்கும், கொஞ்ச நேரத்தில் கறுத்துப்போகும். பக்கத்தில் மண் அடுப்பு, கரி நெருப்பு, அதன் மேல் கம்பித் தட்டில் இலை காயும். அந்தத் தேயிலையை அக்கம்பக்கத்துத் துரைமார் இறாத்தல் ஒன்றரை ரூபாய்க்கு வாங்கிக் குடித்துவிட்டு ஆகா என்றார்களாம். கோப்பிச் சங்கத்து உறுப்பினர்கள் ஒளித்துவைத்துத் தேயிலை குடித்த காட்சியை எந்த ஓவியரும் வரையாதது பெரிய நஷ்டம்.

1872இல் டெய்லர் சொந்தமாக ஒரு உருட்டும் இயந்திரம் செய்தார். அடுத்த வருஷம் லண்டனுக்குப் போன தேயிலை இருபத்து மூன்று இறாத்தல். இன்றைக்கு ஒரு கல்யாண வீட்டுக்கே பற்றாது.

இங்கே ஒரு சின்னக் கேள்வி. அந்த இயந்திரம் வரும் வரை, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, யாருடைய கை? டெய்லர் பெரிய ஆள்தான், ஆனால் அவருக்கும் இரண்டு கைதானே. தேய்த்தவை தமிழ்த் தொழிலாளரின் கைகள். எவ்வளவு அழுத்தினால் இலை சுருளும், எவ்வளவு அழுத்தினால் கிழியும் என்று அந்தக் கைகளுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கும். வழிப்போக்கரான நோபலின் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. கைக்காரர்களின் பெயரைக் காணோம். இலங்கையின் முதல் தேயிலை ரோலருக்குப் பெயர்ப்பலகை போட மறந்துவிட்டார்கள்.

தொழிலாளர்கள் டெய்லரைச் 'சாமித் துரை' என்று அழைத்தார்கள். கம்பனிக்கு அவ்வளவு பக்தி இல்லை. நாற்பது வருஷம் உழைத்தவரை 1892இல் வேலையை விட்டுப் போகச் சொன்னது. மாட்டேன் என்றார். அதே வருஷம் மே மாதம் வயிற்றுப்போக்கில் இறந்தார். கனத்த சரீரம். கண்டி மஹியாவ மயானம் வரை இருபத்து நான்கு தொழிலாளர்கள் முறை வைத்துத் தோளில் சுமந்து போனார்கள். கம்பனி இறக்கிவைத்தவரைத் தூக்கிச் சுமந்தது யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி நுவரெலியாவுக்குத் திரும்புவோம். 1876இல் அங்கே ஹில் கிளப் திறந்தார்கள். துரைமார் கூடிப் பேசிக் கருத்துப் பரிமாற ஒரு இடம். எந்தக் கருத்தையும் கொண்டுவரலாம், வெள்ளைக்காரராக இருந்தால். ஆணாகவும் இருந்தால். நாடு சுதந்திரம் வாங்கிப் பல வருஷம் வரை இந்த விதி அசையவில்லை. இன்று நாமும் போகலாம். ஆனால் இரவுச் சாப்பாட்டுக்கு ஆண்கள் டை கட்ட வேண்டும். இல்லாதவர்களுக்குக் கிளப்பே இரவல் கொடுக்கும். எந்த மூளையையும் உள்ளே விடுவார்கள், கழுத்து மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

துரைமார் தொழிலாளரோடு கருத்துப் பரிமாறவே இல்லை என்று சொன்னால் பாவம். அதற்காகப் பத்திரிகைக்காரர் ஃபெர்குசன் குடும்பத்தில் ஒருவர் சின்னத்துரைமாருக்குச் சட்டைப்பையில் வைக்கும் அளவில் ஒரு தமிழ்க் கையேடே போட்டார். அதன் தலைப்பு: 'இங்கே வா!' இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

தேயிலைக்கும் பூச்சி வந்தது. இம்முறை கொஞ்சம் புத்தி வந்திருந்தது. 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். பிறகு அது தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்துக்குப் போய் இன்றும் அங்கேயே இருக்கிறது. அந்தக் காலத்துத் தலைவலி ஒரு புழு. கொழுந்து இலைகளை நூலால் சேர்த்துக் கட்டி, உள்ளே குடித்தனம் நடத்தி, சுவரையே தின்னும். 1935, 36 வாக்கில் விஞ்ஞானிகள் ஜாவாவிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தார்கள்.

நிபுணர் ஒரு குளவி. கொசுவைவிடக் கொஞ்சம் பெரிசு. புழுவின் உடம்புக்குள் முட்டை இடும், குஞ்சுகள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். தோட்டங்களில் பறக்கவிட்டார்கள். குளவி ஊர் ஊராகப் பரவிப் புழுவை அடக்கி வைத்தது. பயிர்ப் பாதுகாப்பு படிப்பவர்களுக்கு இன்றைக்கும் அது பாடம். யோசித்துப் பாருங்கள், கடல் கடந்து இந்த மலைக்கு அழைத்துவரப்பட்ட எத்தனை பிரமுகர்கள்! சொன்ன வேலையைச் சொன்னபடி செய்து முடித்தவர் இவர் ஒருவர்தான். அவரும் பேசத் தெரியாதவர்.

இவ்வளவு நேரமும் மேட்டில் நடந்த கூட்டங்களையே பார்த்தோம். பள்ளத்தில் தினமும் ஒரு கூட்டம் நடந்தது. விடியுமுன் தப்பு அடிப்பார்கள். பனியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பெரட்டுக் களத்தில் சனம் கூடும். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை என்று எந்தெந்தச் சீமையிலிருந்தோ பஞ்சத்துக்கும் கங்காணி பேச்சுக்கும் வந்தவர்கள். உழுதவர், நெய்தவர், பானை வனைந்தவர், கூத்துக் கட்டியவர், மருந்து அரைத்தவர். பல துறை ஆட்களை ஒரே இடத்தில் சேர்ப்பது என்றால் இதைவிட வேறு எப்படிச் சேர்ப்பது? அஜெண்டா மட்டும் ஒன்றே ஒன்று: யார் எந்த மலைக்கு. பேசும் உரிமை கணக்குப்பிள்ளைக்கு. பதில் சொன்னால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்.

எதுவும் பரிமாறாமலா இருந்தார்கள்? வேலை முடிந்து லயத்துக்கு வந்த பிறகு பாருங்கள். மாசி மாதம் காமன் கூத்து. கவ்வாத்துக் கத்தி பிடித்தவர் மன்மதன், கொழுந்துக் கூடை பின்னியவர் ஈசன், ஒரு ஊர் மெட்டு இன்னொரு ஊர் மெட்டோடு கலந்து மூன்றாவதாக ஒன்று பிறக்கும். ஹில் கிளப்பில் பில்லியர்ட்ஸ் பந்தும் பந்தும் மோதிய நேரத்தில் இங்கே யோசனையும் யோசனையும் மோதின. துரைமாரின் குறிப்பேட்டில் அது 'கூலிகள் சத்தம்' என்று ஏறியிருக்கும்.

இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே வேலி இருந்தது. அத்துமீறல் சட்டம் என்ற பெயரில். வெளியாள் தோட்டத்துக்குள் கால்வைத்தால் குற்றம். தஞ்சாவூர்க்காரர் கோ. நடேசய்யர் அந்த வேலிக்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பத்திரிகை ஆசிரியர், படித்த மனுஷர். தோளில் துணி மூட்டையைப் போட்டுக்கொண்டு புடவை விற்பவராக உள்ளே போனார். ரவிக்கைத் துணிக்குப் பேரம் பேசுகிற சாக்கில் சம்பளம் என்ன, கடன் எவ்வளவு, கங்காணி எவ்வளவு பிடிக்கிறார் என்று விசாரித்தார். நூறு மீட்டிங் போட்டும் சங்கத்துக்குத் தெரியாத விஷயம் ஒரு புடவை மடிப்பில் தெரிந்துவிட்டது.

1931இல் அவர் ஹட்டனை மையமாக வைத்துத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாட்டுப் பாடி ஆட்களைச் சேர்த்தார். பேச்சு என்றால் நழுவுகிறவர்கள் பாட்டு என்றால் நிற்பார்கள் என்று அவருக்குத் தெரியும். ஒரு தம்பதி, ஒரு துணி மூட்டை, சில பாட்டுகள். டை கட்டியவர்கள் பதறிப்போனார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததில் சிரிக்க ஒன்றும் இல்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். டெய்லரின் வெராண்டா இருந்த அதே ஹேவாஹெட்டப் பக்கம்தான். அந்த ஆண்டு ஜூலையில் தோட்டக்காரர் சங்கத்தார் தொழிற்சங்கங்களோடு ஏழு அம்ச ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்துப் போட்டார்கள். 1854இல் தொடங்கிய சங்கம், தேயிலையைப் பற்றி அதைத் தொட்டு வேலை செய்கிறவர்களோடு உட்கார்ந்து எழுத்தில் பேச எண்பத்தாறு வருஷம் எடுத்தது. பங்களாவிலிருந்து லயத்துக்கு நடந்தால் பத்து நிமிஷம் ஆகும்.

இப்போதும் நுவரெலியா ஹோட்டல்களில் 'பல துறைச் சிந்தனையாளர் சங்கமம்' என்று பெனர் கட்டுகிறார்கள். உங்களுக்கும் அழைப்பு வரலாம். வந்தால் சந்தோஷமாகப் போங்கள், குளிருக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். போவதற்கு முன் பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பாருங்கள். எல்லோரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பாஷை, ஒரே மாதிரிக் கோட்டு என்று இருந்தால் ஒன்றை நிச்சயமாக நம்பலாம். பிரதம விருந்தினர் யாரென்று அழைப்பிதழில் எப்படிப் போட்டிருந்தாலும், நிஜத்தில் வரப்போகிறவர் அந்த ஆரஞ்சு நிறப் பூஞ்சைதான்.